ஊர்த்தேருக்கு வழிவிடுவோம்

திருவாரூர்த் தேரோட்டத்தைக் கண்டவர் ஒரு காட்சியை மறவார். ஆழித்தேர் நிலையினின்று பெயர்வதற்கு முன்னரே வீதிகள் ஒழுங்கு செய்யப்படும். கடைக்காரர் தம் பந்தற்கால்களைப் பிடுங்குவர். வண்டிகள் சந்துகளில் ஒதுங்கும். செல்வர் வீட்டு வாயிலில் நிற்கும் ஊர்தியும் அகற்றப்படும். “எனக்கு அவசரம், தேர் சற்றே காத்திருக்கட்டும்” என்று கூறுவார் ஒருவரும் இலர். அஃது ஏன்? தேர் ஒருவருக்கு உரியதன்று. ஊர் கூடி வடம் பிடிப்பது. பலருக்கு உரியது வரும்பொழுது ஒருவருக்கு உரியது ஒதுங்கி நிற்றல் முறை. இதனை நம் மக்கள் எவரும் கற்பிக்காமலே அறிந்திருக்கின்றனர்.

மாணவர்களே! ஆண்டிற்கு ஒரு நாள் கடைப்பிடிக்கும் இம்முறையை நாள்தோறும் நம் நகரச் சாலைகளில் கடைப்பிடிக்கின்றோமா? நகரத்தில் நாளும் ஓடும் ஊர்த்தேர் பேருந்தே ஆகும். ஏழைத் தொழிலாளி, பூ விற்கும் தாய், அலுவலகம் செல்லும் எழுத்தர், பள்ளி செல்லும் நீங்கள் ஆகிய அனைவரும் அதிற் செல்கின்றீர்கள். ஆயினும், அத்தேருக்கு நம் சாலைகளில் வழியில்லை.

சென்னை அண்ணா சாலையில் காலை ஒன்பது மணியளவில் நின்று பாருங்கள். நெரிசலின் நடுவே ஒரு பேருந்து நிற்கும். அதில் அறுபது பேர் இருப்பதாகக் கொள்வோம். அதன் நீளம் ஏறத்தாழ 12 மீட்டர். அதே அறுபது பேரும் வண்டிக்கு இருவராக மகிழுந்துகளில் ஏறினால் முப்பது மகிழுந்துகள் வேண்டும். ஒவ்வொன்றும் 4 மீட்டர் எனின், இடைவெளியின்றி அடுக்கினாலும் 120 மீட்டர் நீளும். அறுபது பேருக்காகப் பேருந்து கொள்ளும் இடத்தைப்போல் பத்து மடங்கு இடத்தை மகிழுந்துகள் கொள்கின்றன. அங்ஙனமிருக்க, நெரிசலை உண்டாக்காத பேருந்தே நெரிசலின் துன்பத்தை மிகுதியாக நுகர்கின்றது. இதனை நீதி என்று கூறுதல் கூடுமோ?

யான் ஆசிரியப் பணியில் இருந்த காலத்து நிகழ்ந்தது ஒன்று இன்றும் என் நெஞ்சை உறுத்துகின்றது. பொதுத்தேர்வு நாளன்று, தேர்வு தொடங்கி இருபது நிமிடம் கழித்து மாணவன் ஒருவன் மூச்சிரைக்க ஓடிவந்தான். “இன்றைக்காவது முன்னரே புறப்படலாகாதா?” என்று அவனைக் கடிந்துகொண்டேன். “எட்டு மணிக்கே பேருந்தில் ஏறிவிட்டேன், ஐயா. அது நகரவே இல்லை. கடைசி ஒரு மைலை ஓடியே வந்தேன்” என்றான் அவன். அவனைத் தேர்வறைக்குள் விட்டனர்; இழந்த நேரத்தையோ எவரும் திருப்பித் தரவில்லை. கடியத் தக்கவன் அம்மாணவன் அல்லன் என்பதைப் பின்னரே உணர்ந்தேன். சாலையை அவ்வாறு பங்கிட்ட நாம் அனைவருமே கடியத் தக்கோம்.

இக்குறைக்கு மருந்து ஒன்று உண்டு. அதுவே பேருந்துத் தனித்தடம். அகன்ற சாலையின் ஒரு பகுதியைக் கோடிட்டோ, சிறு தடுப்பு அமைத்தோ பேருந்துகளுக்கென்றே ஒதுக்குதல் வேண்டும். நோயாளரை ஏற்றிச்செல்லும் ஊர்திகளும் தீயணைப்பு வண்டிகளும் அன்றிப் பிற வண்டிகள் அதில் புகுதலாகாது. பேருந்து தடையின்றி ஓடுமாயின் உரிய நேரத்தில் வரும். அதே எண்ணிக்கையான பேருந்துகள் மிகுதியான முறை சென்று திரும்பும். நிறுத்தங்களில் மக்கள் காத்திருக்கும் நேரமும் குறையும்.

இது புதிய கனவன்று. பிரேசில் நாட்டின் குரிச்சிபா நகரில் 1974ஆம் ஆண்டிலேயே இம்முறை தொடங்கிற்று. அந்நகரின் மேயராக விளங்கிய ஜைமே லெர்னர் ஒரு கட்டடக் கலைஞர். பெரும்பொருள் செலவிட்டுச் சுரங்க இரயில் அமைப்பதற்கு மாறாக, பேருந்துக்கே தனிவழி அமைத்தார். தென்கொரியத் தலைநகர் சியோலில் 2004ஆம் ஆண்டு சூலை முதல் நாளன்று பேருந்து வழித்தடங்கள் திருத்தி அமைக்கப்பட்டன. பெருஞ்சாலைகளின் நடுவே பேருந்துத் தடங்களும் இடம்பெற்றன. தொடக்கத்தில் மக்கள் குழம்பினர், குறை கூறினர். ஆயினும் நகர ஆட்சியினர் அதனைக் கைவிடவில்லை. மக்களும் நாளடைவில் அதன் பயனை உணர்ந்தனர்.

நம் நாட்டின் தலைநகரில் நிகழ்ந்ததோ வேறு. டெல்லியில் அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டர் நீளத்திற்கு 2008ஆம் ஆண்டு தனித்தடம் அமைந்தது. சந்திப்புகளில் மகிழுந்துகள் நெடுநேரம் நிற்க நேர்ந்தமையால் முணுமுணுப்பு எழுந்தது. அத்தடத்தைப் பிற வண்டிகளுக்கும் திறந்துவிட வேண்டும் என்று வழக்குத் தொடர்ந்தனர். 2012ஆம் ஆண்டு டெல்லி உயர்நீதிமன்றம் அவ்வேண்டுகோளை ஏற்க மறுத்தது. எனினும் 2016இல் அத்தடமே அகற்றப்பட்டது. அதன் அமைப்பில் குறைகள் இருந்தன என்பது உண்மையே. ஆனால் குறையைத் திருத்தாமல் தடத்தையே அழித்தது, ஓலை ஒழுகுகின்றது என்று வீட்டையே இடித்தது போன்றதாகும்.

“சாலை குறுகியது, அதில் ஒரு பங்கைப் பேருந்துக்குக் கொடுத்தால் மற்றவர் என்ன செய்வர்?” என்று சிலர் வினவுவர். பந்தியில் சோறு குறைவாயின் இலையின் அகலத்தைப் பார்த்தா பரிமாறுவோம்? ஆளை எண்ணியன்றோ பரிமாறுவோம்! சாலை குறுகியது என்பதே, அதனை வண்டிகளின் எண்ணிக்கையால் அன்றி மக்களின் எண்ணிக்கையால் பங்கிட வேண்டும் என்பதற்குரிய காரணமாகும். “தனித்தடம் பெரும்பாலும் வெறிதே கிடக்கின்றதே” என்பர் வேறு சிலர். தேங்கிய தடம் நிறைந்ததாகவும், ஓடும் தடம் வெறுமையாகவும் தோன்றுதல் இயல்பு. எதன் வழியே மிகுதியான மக்கள் செல்கின்றனர் என்பதே கருதத் தக்கது. “மெட்ரோ இரயில் வந்துவிட்டதே” என்பாரும் உளர். அது நன்றே. ஆயினும் அது எல்லாச் சாலைகளிலும் செல்வதன்று. அதனை அமைக்கப் பெரும்பொருளும் பல்லாண்டுகளும் வேண்டும். நிலையத்தில் இறங்கியவருக்கும் வீடு சேரப் பேருந்து வேண்டுமன்றோ?

எனினும், எல்லாத் தெருக்களிலும் தனித்தடம் வேண்டும் என்று யான் கூறேன். பேருந்துகள் மிகுதியாகச் செல்லும் அகன்ற சாலைகளிலேயே அது பொருந்தும். கால்மணிக்கு ஒரு பேருந்து மட்டும் வரும் சாலையில் தடம் ஒதுக்கினால் மக்கள் நகைப்பர், அந்நகைப்பு தகுந்ததே. ஆதலின் தடத்துடன் பேருந்துகளும் பெருகுதல் வேண்டும். பேருந்தில் வருவோர் அனைவரும் நடந்தே நிறுத்தத்தை அடைவர். எனவே நடைபாதையும் செம்மையாதல் வேண்டும். அத்துமீறும் வண்டிக்குத் தண்டனையும் தவறாது கிடைத்தல் வேண்டும். காவலற்ற தடம் வேலியற்ற வயலே ஆகும்.

தமிழ்நாட்டில் பள்ளி மாணவர் அரசுப் பேருந்துகளில் கட்டணமின்றிச் செல்கின்றனர். 2021ஆம் ஆண்டு மே மாதம் முதல் மகளிரும் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணமின்றிச் செல்லும் நிலை ஏற்பட்டது. இவை போற்றத் தக்கன. ஆனால் பயணம் இலவசமாயினும் காலம் இலவசமன்று. கூலி வேலைக்குச் செல்லும் பெண் நெரிசலில் ஒரு மணி நேரத்தை இழப்பாளாயின், அவள் பையில் மிஞ்சிய காசு அக்காலத்தை ஈடு செய்யுமோ? கட்டணச் சுமையை இறக்கிய நாம் காலச் சுமையையும் இறக்குதல் கடனாகும்.

திருவாரூரைப் பற்றித் தொடங்கினேன். அவ்வூர் வரலாறு ஒன்றையே கூறி முடிக்கின்றேன். மனுநீதிச் சோழனின் மகன் தேரூர்ந்து சென்றபொழுது கன்று ஒன்று அதன் காலிற்பட்டு இறந்தது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. வீதி கன்றுக்கும் உரியது என்று அவ்வரசன் கருதினான். தேரில் வந்தவன் தன் மகன் என்பதற்காக முறை தவறவில்லை. தேரில் செல்வோனுக்கு வீதியில் உரிமை மிகுதியன்று; பொறுப்பே மிகுதி என்பது அக்கதை நமக்கு உணர்த்தும் அறம்.

மாணவர்களே! இன்று நீங்கள் பேருந்தில் நின்றுகொண்டு செல்கின்றீர்கள். நாளை உங்களுள் பலர் மகிழுந்து வாங்குவீர்கள்; சிலர் நகரை ஆளும் பொறுப்பையும் ஏற்பீர்கள். அந்நாளில் உங்கள் வண்டியின் அருகே தனித்தடத்தில் ஒரு பேருந்து விரைந்து முந்திச் செல்லுமாயின் சினம் கொள்ளாதீர்கள். அதனுள்ளே தேர்வுக்குச் செல்லும் மாணவன் ஒருவன் இருப்பான் என்று எண்ணி வழிவிடுங்கள்.