பீர் அல்லாத பீர்

நாகரிகம் சரிந்து, மின்சாரம் நின்று, கப்பலும் லாரியும் ஓடாத காலம் ஒன்று வந்தால் கொல்கத்தாவில் பீர் காய்ச்ச முடியுமா? விஞ்ஞானக் கதை எழுதுபவர்களுக்கான கேள்வி போலத் தோன்றலாம். ஆனால் மின்சாரமும் ஃபிரிட்ஜும் இல்லாத கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி வெள்ளையர்களுக்கு இது தினசரிக் கவலை.

அவர்களுக்குத் தெரிந்த பீருக்கு முளைகட்டிய பார்லி வேண்டும். கசப்புக்கும் கெடாமல் காப்பதற்கும் ஹாப்ஸ் வேண்டும். வங்கச் சமவெளியில் அது விளையாது. எல்லாவற்றுக்கும் மேல், ஈஸ்ட் ஒழுங்காக வேலை செய்ய 20 டிகிரி வாக்கில் குளுமை வேண்டும். கல்கத்தாவின் மே மாதத்தில் அதற்கு எங்கே போவது? எனவே லண்டனில் ஹாட்ஜ்சன் காய்ச்சிய பீர், ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் பீப்பாயில் குலுங்கியபடி வந்தது. 1833இல் பாஸ்டனிலிருந்து 'டஸ்கனி' கப்பலில் ஐஸ் கட்டிகூட வந்து இறங்கியது, வழியில் உருகியது போக. பிறகு இங்கேயே காய்ச்சத் துணிந்தபோது கசௌலி மலைக்கு ஏறினார்கள்.

அதே 19ஆம் நூற்றாண்டில் சோட்டாநாக்பூரிலிருந்து சுந்தரவனக் காட்டைத் திருத்தக் கூலிகளாக வந்த முண்டா, ஒராவோன், சந்தால் மக்களுக்குக் கப்பலும் வேண்டியிருக்கவில்லை, மலையும் வேண்டியிருக்கவில்லை. அவர்களுடைய ஹாடியா, சோற்றிலிருந்து செய்யும் பீர். சோற்றை ஆறவைத்து, 'ரானு' என்ற உருண்டையைப் பொடித்துக் கலந்து, மண்பானையில் மூடிவைத்தால் இரண்டு மூன்று நாளில் தயார். வெள்ளைக்காரர் பீரைக் கெடுத்த புழுக்கம்தான் இதற்குத் தோழன்.

சூட்சுமம் அந்த உருண்டையில் இருக்கிறது. அரிசி மாவோடு காட்டு வேர்களையும் பட்டைகளையும் இடித்துப் பிசைந்து, வைக்கோலில் வைத்து உலர்த்துவார்கள். அதற்குள் பூஞ்சையும் ஈஸ்ட்டும் உறங்கும். பூஞ்சை மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க, ஈஸ்ட் அதை ஆல்கஹாலாக மாற்றும். முளைகட்டும் வேலையே மிச்சம். பரிசோதனைக்கூடத்தில் வளர்க்க வேண்டிய சமாசாரத்தை மடியில் முடிந்துகொண்டு ஊர்விட்டு ஊர் போகலாம்!

ஆனால் எந்த வேர், எவ்வளவு என்ற கணக்கு பெரும்பாலும் பெண்களின் கையில், வாய்மொழியாகவே இருக்கிறது. காடு சுருங்கி, பேத்தி கற்றுக்கொள்ளாமல் நகரத்துக்குப் போய்விட்டால் அந்தக் கணக்கு அறுந்துவிடும். நாகரிகம் சரியும்வரை அதற்குக் காத்திருக்கத் தேவையில்லை. இந்தப் பானத்துக்கு அரசு தந்த மரியாதையும் அலாதி. 1909ஆம் ஆண்டின் வங்காளக் கலால் சட்டம் இதைப் 'பச்வாய்' என்கிறது. புளிக்கவைத்த அரிசி, தினை முதலிய தானியங்களும் அவற்றிலிருந்து கிடைக்கும் திரவமும் பச்வாய். ஆனால் பீர் அதில் சேராது. அதாவது, பார்லியில் செய்தால் பீர், அரிசியில் செய்தால் வேறு ஏதோ.

ரானு கைவசம் இருந்தாலும் ஒரு தடை பாக்கி: அரிசி. குடித்ததுபோக மிஞ்சும் தானியம் வேண்டாமா? 1942இல் பர்மா ஜப்பானியர் வசம் போய் அங்கிருந்து அரிசி வருவது நின்றது. போர்க்கால விலையேற்றமும் புயலும் சேர்ந்துகொண்டன. 1943 பஞ்சத்தில் கிராமங்களிலிருந்து கல்கத்தாவுக்குள் வந்தவர்கள் வீட்டுக்கு வீடு நின்று கேட்டது சோறுகூட அல்ல. 'ஃபேன்', அதாவது வடித்த கஞ்சி.