சொடுக்கு எதற்குச் சான்று?

ஐதராபாத்தில் வாழும் தமிழ் பேசுவோரிடம் என் ஆய்வுக்காக ஒரு வினாநிரலை நிரப்பி வாங்க வேண்டியிருந்தது. ஆள் சேர்க்கச் சமூக ஊடகத் தளம் ஒன்றில் இரண்டு விளம்பரங்களை ஒரே நேரத்தில் வெளியிட்டேன். ஒன்று எழுத்துத் தமிழில்: ‘தமிழ் வழக்கு குறித்த ஆய்வில் பங்கேற்குமாறு அழைக்கிறோம்.’ மற்றொன்று பேச்சுத் தமிழில்: ‘வீட்ல எந்தத் தமிழ் பேசுறீங்க? சொல்லுங்க.’ விளம்பரத் துறையினர் ஏ/பி சோதனை என்பது இதைத்தான். பேச்சுத் தமிழே கூடுதல் சொடுக்குகளைப் பெற்றது. இணையத்தில் தமிழர் பேச்சு வழக்கையே விரும்புகின்றனர் என்று இரண்டு பக்கம் எழுதியும் விட்டேன்.

அம்முடிவு தவறு என்று இன்று நான் கூறவில்லை. அதற்கு என்னிடம் சான்றே இல்லை என்கிறேன். இத்தகைய எண்களை மொழி மனப்பான்மைக்கு ஆதாரமாகக் காட்டும் கட்டுரைகளை மாணவர் கருத்தரங்குகளில் அடிக்கடி கேட்க நேர்வதால் இதை எழுதுகிறேன்.

தளம் பயனர்களை இரு குழுக்களாகச் சமவாய்ப்பு முறையில் பிரிப்பது உண்மையே. ஆனால் ஒரு குழுவிலுள்ள அனைவருக்கும் விளம்பரம் காட்டப்படுவதில்லை. யார் சொடுக்கக்கூடும் என்று கணித்து, அவர்களையே தளத்தின் நெறிமுறை தேடிச் செல்கிறது. இக்கணிப்பு இரு விளம்பரங்களுக்கும் வெவ்வேறாக அமைகிறது. அறிக்கையின் உட்பக்கத்தைத் தாமதமாகத் திறந்தபோதுதான் தெரிந்தது: என் பேச்சுத் தமிழ் வாசகம் பெரும்பாலும் இளைஞர்களிடமும், எழுத்துத் தமிழ் வாசகம் நடுவயதைக் கடந்தவர்களிடமும் சென்றிருந்தது. நான் ஒப்பிட்டவை இரு வழக்குகள் அல்ல, இரு கூட்டங்கள். வயதுவாரியாகப் பிரித்துக் கணக்கிட்டாலும் சிக்கல் தீராது; நெறிமுறை கருதும் மற்றக் கூறுகளை நாம் பார்க்கவே இயலாது.

இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. ஆளுமைக்கேற்ற விளம்பர வாசகங்கள் கூடுதல் பயன் தருகின்றன என்று முகநூல் விளம்பரங்களைக் கொண்டு சாண்ட்ரா மாட்ஸ் முதலியோர் 2017இல் எழுதினர். எக்கிள்ஸ், கார்டன், ஜான்சன் ஆகியோர் அடுத்த ஆண்டே அதே ஆய்விதழில் இந்தக் குறையைச் சுட்டினர்.

மேலாண்மை பயிலும் நண்பர் ஒருவர், “எது விற்கிறது என்று தெரிந்தால் எனக்குப் போதும், காரணம் எதற்கு?” என்றார். அவரளவில் அது சரி. ஆனாலும் அவருக்கும் எண்ணிக்கைக் கணக்கு உண்டு. ஆயிரம் ஆயிரம் பேருக்குக் காட்டி 20 சொடுக்கும் 27 சொடுக்கும் கிடைத்தால், அவ்வேறுபாடு தற்செயலாகவே எழக்கூடியது. 2 விழுக்காட்டுக்கும் 2.4 விழுக்காட்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஓரளவு உறுதியாகக் கண்டறிய ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 21,000 பேர் தேவை. நாள்தோறும் எட்டிப் பார்த்து, பிடித்த முடிவு வந்ததும் நிறுத்துவோர்க்கு நிலைமை இன்னும் மோசம். பத்து முறை பார்த்தால், 5 விழுக்காடு என நாம் நம்பும் பிழை வாய்ப்பு 19 விழுக்காட்டை எட்டிவிடும்.

மொழியியல் மாணவனாகிய நான் நாணவேண்டிய இடம் வேறு. கல், கள் என ஒரேயோர் ஒலியில் வேறுபடும் இணைகளைக் கொண்டே ஒலியன்களை நிறுவக் கற்றோம். என் வாசகங்களோ வழக்கில் மட்டுமா வேறுபட்டன? ஒன்று அழைப்பு, மற்றொன்று வினா. ஒன்றில் ‘ஆய்வு’ என்ற சொல் உண்டு, மற்றதில் இல்லை. முதலாண்டு மாணவர் ஒருவர் இப்படியோர் இணையைக் கொண்டுவந்திருந்தால் நானே திருப்பி அனுப்பியிருப்பேன்.

1960இல் லாம்பர்ட்டும் அவர் குழுவினரும் மான்ட்ரியலில் ஒரே ஆளை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பேசச்செய்து, கேட்போரின் மதிப்பீட்டை அளந்தனர். யார் எதைக் கேட்பது என்பது அங்கே ஆய்வாளர் கையில் இருந்தது. நாமும் விளம்பரத்தை ஆள் சேர்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, வாசக ஒப்பீட்டை வினாநிரலுக்குள்ளேயே சமவாய்ப்பு முறையில் நடத்தலாம். செலவும் குறைவு.

அந்த இரண்டு பக்கங்களையும் மூன்றாம் இயலிலிருந்து நீக்கிவிட்டேன். நெறியாளருக்குச் சற்று வருத்தம்தான். வரைபடம் நன்றாக இருந்ததாம்.