முகவரிக்கும் ஒரு சலவைக் குறி

ஊர்த் துணியெல்லாம் ஒரே துறையில் வெளுக்கப்பட்ட காலத்தில், சேராங்கொட்டைச் சாற்றால் துணியின் ஓரத்தில் சிறு குறி இடுவார்கள். எத்தனை வீட்டுத் துணிகள் கலந்தாலும், இது இன்னார் வீட்டுத் துணி என்று அக்குறி காட்டிக் கொடுத்துவிடும். கேட்டவர்க்கெல்லாம் நாம் எழுதிக் கொடுக்கும் மின்னஞ்சல் முகவரிக்கும் அத்தகைய குறி வேண்டும் என்பதே என் கருத்து.

குப்பை மடல் புதியதன்று. 1978ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்கக் கணிப்பொறி நிறுவனம் ஒன்றின் விற்பனையாளரான கேரி துர்க், ஆர்ப்பாநெட் என்னும் வலையில் இருந்த ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பர மடலை அனுப்பினார். அதுவே முதல் குப்பை மடல் என்பர். அன்று அனுப்பியவர் யார் என்பது தெரிந்தது, கண்டனமும் எழுந்தது. இன்றோ, நம் முகவரியை இவர்களுக்குக் கொடுத்தவர் யார் என்பதே விளங்குவதில்லை.

இது வெறும் எரிச்சல் மட்டுந்தானா? உதவித்தொகைச் செய்தியும் நேர்காணல் அழைப்பும் இன்று மின்னஞ்சலில்தான் வருகின்றன. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய ஒரு மாணவி, விளம்பரக் குவியலில் புதைந்த ஓர் அழைப்பைக் காணத் தவறினால், அந்த இழப்பை யார் ஈடு செய்வார்?

வழி எளிது. ஜிமெயிலில் 'மல்லிகை' என்பது உங்கள் அஞ்சற்பெயர் என்று கொள்வோம். பயிற்சி நிலையத்துக்கு 'மல்லிகை+பயிற்சி' என்றும், புத்தகக் கடைக்கு 'மல்லிகை+கடை' என்றும் ஆங்கில எழுத்தில் கொடுங்கள். இரண்டும் உங்கள் ஒரே பெட்டிக்கே வந்து சேரும். பயிற்சி நிலையத்துக்கு மட்டுமே தந்த பெயருக்கு நிலம் விற்பவர் மடல் வந்தால், முகவரி எங்கிருந்து வெளியேறிற்று என்பது வெளிச்சமாகிவிடும். அப்பெயருக்கு வருவனவற்றை நீக்கிவிடும்படி ஒரு வடிகட்டி அமைத்துவிட்டால் தொல்லை தீரும்.

இதில் குறையும் உண்டு. கூட்டல் குறியையும் அதன் பின்னுள்ளதையும் வெட்டிவிட்டால் உண்மை முகவரி கிடைத்துவிடும். சில படிவங்கள் கூட்டல் குறியை ஏற்பதுமில்லை. ஆகவே, மோசில்லாவின் ஃபயர்பாக்ஸ் ரிலே போன்ற சேவைகள், தொடர்பற்ற எழுத்துகளாலான புனைமுகவரியைத் தருகின்றன. வரும் மடலை அது நமக்குத் திருப்பி அனுப்பும். வேண்டாதபோது அதனை அடைத்துவிடலாம்.

"இது ஏமாற்று அல்லவா?" என்று சிலர் வினவக்கூடும். அல்ல. நம் வீட்டுக்கு எத்தனை வாசல் வைப்பது என்பது நம் உரிமை. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. குறி காட்டுவது முகவரி வெளியேறிய இடத்தைத்தான். அவர் விற்றாரா, அவரிடமிருந்து திருடப்பட்டதா என்பதை அது சொல்லாது. ஆகவே பழி சுமத்துமுன் விளக்கம் கேட்பதே முறை. வங்கிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் என்றும் மாறாத உண்மை முகவரியையே தருவது நலம்.

2023இல் நம் நாடாளுமன்றம் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் பெற்ற நோக்கத்துக்கே ஒருவரது விவரத்தைப் பயன்படுத்த வேண்டும் என்னும் நெறியை வகுத்துள்ளது. சட்டம் இருந்தால் மட்டும் போதுமா? முறையிடுவோர் கையில் சான்று வேண்டாமா? குப்பையை ஒதுக்கும் வடிகட்டி அதனைக் கண்ணுக்கு மறைக்கிறது, கொட்டியவரைக் காட்டுவதில்லை. குறியிட்ட முகவரியோ சான்றாக நிற்கிறது.

முதலாண்டு மாணவர்க்குக் கணிப்பொறிக் கூடத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி இதனைக் கற்பித்தால் என்ன? பேராசிரியப் பெருமக்கள் சிந்திக்க வேண்டுகிறேன். மாணவத் தோழர்களே, அடுத்த படிவத்தை நிரப்பும்போதே தொடங்குங்கள். தன் முகவரி யார் யார் கையில் இருக்கிறது என்று அறிந்திருப்பதும் கல்வியின் ஒரு பகுதியே.