ஆரம்பப் பள்ளி ஆசிரியரை அளத்தல்

ஒரு நாட்டின் கல்வி உயர்வைக் கல்லூரி மாடங்களைக் கொண்டு அளப்பார் பலர். அஃது அடிக்கல்லைப் பாராது கோபுரத்தைப் புகழ்வதை ஒக்கும். ஐந்தாம் வகுப்பை எய்தியும் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தட்டின்றி வாசிக்கமாட்டாத சிறார் நம் நாட்டில் மிகப் பலர். அவருட் பெரும்பாலோர் கல்லூரி வாயிலை என்றும் காணார். ஆதலின், ஆரம்பப் பள்ளியின் தரத்தைக் காப்பது எங்ஙனம், ஆசிரியர் பணியை அளப்பது எங்ஙனம் என்னும் வினாக்கள் நமக்குப் புறம்பானவை அல்ல.

ஆசிரியரை அளத்தல் தகாது என்பார் சிலர். நம் முன்னோர் அங்ஙனம் எண்ணினாரல்லர். நன்னூலார் நல்லாசிரியரை நிலம், மலை, நிறைகோல், மலர் என்பவற்றோடு ஒப்பிட்டதனோடு அமையாது, ஆசிரியராகத் தகாதாரையும் நான்கு உவமைகளாற் சுட்டினார். கழற்காய் பெய்த குடம் தான் கொண்ட முறையிற் கொடாது. பருத்தி அடைத்த குண்டிகை கொள்ளுதற்கும் கொடுத்தற்கும் அரிது. ஆகவே, அளத்தல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. எக்கோலால் அளப்பது என்பதே ஆராயத்தக்கது.

இங்கிலாந்து தேசத்தார் இதற்கு ஒரு விடை கண்டனர். இராபர்ட்டு லோ என்பார் 1862-இல் நடைமுறைப்படுத்திய விதிகளின்படி, ஆறு வயதிற்கு மேற்பட்ட பிள்ளைகள் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் ஆண்டுதோறும் இன்ஸ்பெக்டர் முன் தேறுதல் வேண்டும். தேறாத ஒவ்வொரு பாடத்திற்கும் பள்ளியின் உதவித்தொகையில் 2 ஷில்லிங் 8 பென்சு குறையும். விளைவு யாது? பிள்ளைகள் பாடப் புத்தகத்தை நெட்டுருச் செய்தனர். தேர்விற்கு வாராத பாடங்கள் ஒதுக்குண்டன. புலவரும் இன்ஸ்பெக்டருமாகிய மாத்யூ ஆர்னால்டு, வாசிக்க அறியாமலே வாசிப்பிற் பிள்ளைகளைத் தேறச்செய்தல் கூடும் என்று தம் அறிக்கையில் வருந்தினார். அம்முறை 1890-களில் ஆங்குக் கைவிடப்பட்டது. இதற்கிடையே அது நம் சென்னை மாகாணத்திலும் புகுந்தது. 1882-இல் அமைந்த ஹண்டர் குழு ஆரம்பப் பள்ளிகளுக்கு அதனையே பரிந்துரைத்தது. 1904-இல் வெளியிட்ட கல்விக் கொள்கையிலேயே இந்திய அரசாங்கம் அதனை விலக்க முற்பட்டது.

எனினும், பயன் நோக்கிப் பொருள் கொடுத்தல் என்றும் தீதே என்று துணிதல் நேர்மையாகாது. 2005-ஆம் ஆண்டு முதல் ஆந்திர தேசத்துக் கிராமப் பள்ளிகளில் கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் என்னும் பொருளியல் அறிஞர் இருவர் ஒரு சோதனை நடத்தினர். மாணாக்கர் முன்னேற்றத்திற்கேற்ப ஆசிரியருக்கு ஊக்கத்தொகை அளிக்கப்பட்ட பள்ளிகளிற் கற்றல் உயர்ந்தது. ஆயின் வேற்றுமையை நோக்குக. ஆங்குத் தேறினார் தொகை எண்ணப்படவில்லை. பிள்ளை தொடங்கிய இடத்தினின்று எவ்வளவு வளர்ந்தது என்பதே அளக்கப்பட்டது. ஒருவர் சம்பளமும் குறைக்கப்படவில்லை. நெட்டுருவால் மட்டும் விடையளிக்கவியலாத வினாக்களும் கேட்கப்பட்டன.

நம் ஊர்களிலோ, ஐந்து வகுப்புகளை இரண்டு ஆசிரியரே நடத்தும் பள்ளிகள் பல. அறுபது பிள்ளைகள் வரை இருவர் போதும் என்பது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் விதி. தேர்தலுக்கும் குடிக்கணக்கிற்கும் அவரை அழைக்க அச்சட்டமே இடந்தருகின்றது. கற்றறிந்த பெற்றோரின் பிள்ளைகள் நிறைந்த நகரப் பள்ளியையும், வீட்டில் ஏடே காணாத சிறார் பயிலும் சிற்றூர்ப் பள்ளியையும் ஒரே கோலால் நிறுத்தல் நீதியோ?

எமது கருத்து இதுவே. மேற்பார்வையாளர் பதிவேடுகளைப் புரட்டுதலினும், ஒரு பாடம் முடியுமளவும் வகுப்பில் அமர்ந்து, சில பிள்ளைகளை வாசிக்கச் செய்து கேட்டல் நன்று. கண்ட குறையை அன்றே ஆசிரியரோடு பேசித் திருத்த வழி காட்டுதல் அதனினும் நன்று. பலமுறை துணை செய்தும் கடமையிற் பிறழ்வாரை மட்டும் தண்டிக்க. அவ்விடத்து இரக்கம் காட்டுதல் பிள்ளைகட்கு இழைக்கும் அநீதியாம்.

நிறைகோல் பொருளின் எடையை ஐயமறக் காட்டும். இரு தட்டிற்கும் நடுவே நிற்கும். ஆசிரியர்க்கு நன்னூலார் வேண்டிய அப்பண்பு, ஆசிரியரை அளக்கப் புகுவார்க்கும் வேண்டும். நம்முட் சிலர் நாளை ஆசிரியராவோம். சிலர் அவரை அளக்கும் அதிகாரிகளாவோம். இருதிறத்தாரும் இதனை உள்ளத்திற் கொள்வோமாக.