காப்புரிமை இல்லாத மருந்தை யார் பரிசோதிப்பது?

ஜப்பானின் கிண்டாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆர்ஜினின் எனும் அமினோ அமிலத்தை வாய்வழியாகக் கொடுத்தபோது அல்சைமர் நோய்க்கான மரபணு மாற்றம் செய்யப்பட்ட எலிகளின் மூளையில் அமிலாய்டு எனும் புரதப் படிவு குறைந்தது என 2025 இன் இறுதிப் பகுதியில் அறிவித்ததைத் தொடர்ந்து, மறதி நோய்க்கு மலிவான மருந்து கிடைத்துவிட்டதாகவே அச்செய்தி உலகெங்கும் பரவியது. அதைப் படித்தவர்களில் ஒரு சாரார் தூளை வாங்கிக் கரைத்துக் குடிக்கலாம் என்கின்றனர். மறு சாரார் எலிக்கு நடந்ததெல்லாம் மனிதருக்கு நடக்காது என்று கைகழுவுகின்றனர். இவ்விரு தரப்பாரும் கேட்கத் தவறும் கேள்வி ஒன்றே: இதை மனிதரில் முறையாகப் பரிசோதிக்கப்போவது யார்?

புரதங்கள் எந்தச் சிறு மூலக்கூறுகளால் ஆனவையோ அவையே அமினோ அமிலங்கள். அவற்றுள் ஒன்றான ஆர்ஜினின், மீனிலும் இறைச்சியிலும் பருப்பிலும், கோயில் திருவிழாக்களில் சுருள் சுருளாக விற்கப்படும் கச்சானிலும் உண்டு. புரதங்கள் பிழையாக மடிந்து ஒன்றோடொன்று ஒட்டித் திரள்வதை இது தடுக்கிறது என்பதே ஆய்வாளர்களின் விளக்கம். ஆயினும் தாங்கள் பயன்படுத்திய அளவு கடைகளில் விற்கப்படும் சத்துப்பொருளின் அளவிலிருந்து வேறானது என்பதை அவர்களே குறிப்பிட்டுள்ளனர்.

தூளை வாங்கச் சொல்வோர் 2006 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வெளியான முடிவை அறியவேண்டும். மாரடைப்பிலிருந்து மீண்ட 153 பேரில் ஒரு பகுதியினருக்கு ஆர்ஜினினும் மற்றவர்களுக்கு மருந்தற்ற போலித் தூளும் கொடுத்து ஆறு மாதங்கள் அவதானித்த அந்த ஆய்வில், ஆர்ஜினின் பெற்றவர்களில் ஆறு பேர் இறக்க, மறு தரப்பில் ஒருவரும் இறக்காததால், ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. மறதி நோயாளிகளிற் பலர் இதய நோயும் உள்ள முதியவர்களே என்பதால், உடற்பயிற்சி நிலையங்களில் இளைஞர்களுக்கு விற்கப்படும் அதே டின்னை எழுபது வயதுத் தாய்க்கு வாங்கிக் கொடுப்பது அன்பின் பெயரால் செய்யப்படும் சூதாட்டமாகும்.

ஆனால் ஆர்ஜினின் மனிதருக்குப் பயன்படுமா என்ற கேள்விக்கு விடை காண மருந்து நிறுவனம் எதுவும் வராது. காப்புரிமை பெற முடியாத பொருளில் இலாபம் இல்லை. அமெரிக்கா 2023 இல் முழு அனுமதி வழங்கிய லெகனெமாப் எனும் ஊசி மருந்துக்கு ஆண்டொன்றுக்கு 26,500 டொலர் விலை குறிக்கப்பட்டது. 1,795 பேரில் 18 மாதங்கள் நடந்த அதன் பரிசோதனையில், போலி மருந்து பெற்றவர்களுடன் ஒப்பிடும்போது கிடைத்த நன்மையோ 18 புள்ளிகள் கொண்ட அளவுகோலில் 0.45 புள்ளி மட்டுமே. அரைப் புள்ளிக்கும் குறைந்த நன்மைக்காக அத்தனை பணம் திரட்டப்படும் உலகில், மலிவான தூளைச் சோதிக்க ஆளில்லை.

இதற்கான விடை இலங்கையிலேயே முன்னர் கிடைத்துள்ளது. நஞ்சருந்தியோருக்கு வைத்தியசாலைகளில் வழமையாகக் கொடுக்கப்பட்டுவந்த கரித்தூள் உண்மையில் உயிர்காக்கிறதா என்பதை அறிய, 2002 முதல் அநுராதபுரம், பொலன்னறுவை உள்ளிட்ட வைத்தியசாலைகளில் 4,600க்கும் மேற்பட்ட நோயாளிகள் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒரு குழுவுக்குக் கரித்தூள் பலமுறையும், இன்னொன்றுக்கு ஒருமுறையும் கொடுக்கப்பட, மூன்றாவது குழுவுக்கு அது கொடுக்கப்படாமலே வைத்தியம் செய்யப்பட்டது. அலரி விதையை உண்டவர்களும் பூச்சிகொல்லியைக் குடித்தவர்களுமே அவர்களிற் பெரும்பாலானோர். 2008 இல் லான்செட் இதழில் வெளியான முடிவின்படி, பலமுறை கரித்தூள் பெற்றவர்களில் 6.3 சதவீதத்தினரும், அறவே பெறாதவர்களில் 6.8 சதவீதத்தினரும் இறந்தனர். அதாவது, கரித்தூளால் குறிப்பிடத்தக்க பயன் இல்லை. காப்புரிமையற்ற, மலிவான, எல்லோரும் நம்பிய ஒரு பொருளைப் பற்றி உலகம் அறியாதிருந்த உண்மையை நெல்வயல் மாவட்டங்களின் வைத்தியசாலைகள் சொல்லிக்கொடுத்தன. பயனில்லை என்ற விடையும் விடையே என்பதுதான் அதன் பெருமை.

பொலன்னறுவையில் முடிந்தது, எல்லைக்கு இப்பால் மட்டக்களப்பில் முடியாதா? கரித்தூள் ஆய்வுக்கு வெளிநாட்டு நிதி வந்தது என்பர் சிலர். கேட்டால்தான் நிதி வரும், கேட்காதவருக்கு எங்கும் வராது. நஞ்சின் விளைவு நாட்கணக்கில் தெரியும், மறதியின் போக்கை அறிய ஆண்டுகள் வேண்டும் என்பர் வேறு சிலர். மாதந்தோறும் கிளினிக் கொப்பியுடன் வரிசையில் நிற்கும் முதியவர்களைக் கண்டவர் எவரும் இவ்வாறு பேசமாட்டார்; தவறாமல் வரும் அவர்களை ஆண்டுக்கணக்கில் அவதானிப்பது கடினமன்று. பணக்கார நாடுகள் செய்து முடிக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்போரின் வாதமோ வாதமே அல்ல, சோம்பலுக்குச் சூட்டிய நல்ல பெயர்.

உண்மையான தடை வேறொன்று. உலகெங்கும் கையாளப்படும் நினைவாற்றல் வினாத்தாள், இப்போது என்ன பருவகாலம் என்று கேட்டு, ஒன்றையொன்று வெட்டும் இரு ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொல்கிறது. மாரி, கோடை, விதைப்பு, வெட்டு என ஆண்டை எண்ணும் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் விவசாயிக்கும், வாழ்நாளில் பென்சில் பிடித்திராத அவரது மனைவிக்கும் இவ்வினாக்கள் அளப்பது நினைவாற்றலை அல்ல, பள்ளிப் படிப்பையே. எனவே வாவியின் இரு கரை மக்களுக்கும் பொருந்தும் வினாத்தாளை ஆக்குவதும், இதய நோயாளிகளை முதலிலேயே விலக்கிச் சிறு எண்ணிக்கையினரில் பாதுகாப்பைச் சோதிப்பதும் முதற்படிகளாகும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்வியாளர்களும் சேர்ந்தால் இவ்விரண்டும் கைகூடும்; 2006 முதல் இயங்கும் இலங்கை மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் அதைப் பதிவுசெய்யவும் வழியுண்டு.

கிழக்கில் இப்பரிசோதனை நடந்தால், ஆர்ஜினின் பயன்படுமா என்பது மட்டுமன்றி, ஏழை நாடுகள் தமக்கான மருந்தைத் தாமே தேர்ந்தெடுக்க முடியும் என்பதும் நிலைநாட்டப்படும். சுகாதார அமைச்சும் பல்கலைக்கழகமும் அடுத்த வரவுசெலவுத் திட்டத்துக்கு முன் இதற்கான தொகையைக் கேட்டுப் பெறவேண்டும். அதுவரை அந்த டின் கடைத் தட்டிலேயே இருக்கட்டும்.