கடனின் நோக்கம்

சடையங்குப்பத்தில் என் வீட்டு மொட்டைமாடியிலிருந்து வடக்கே பார்த்தால் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏறுவது தெரியும். போன தடவை நானும் கை தட்டினேன். ஆகவே ‘சோறா, ராக்கெட்டா’ என்று நம் முற்போக்கு நண்பர்கள் போடும் கூச்சலில் சேர எனக்கு உத்தேசமில்லை. அது சோம்பேறிக் கேள்வி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வருவதைச் செயற்கைக்கோள் முன்கூட்டியே காட்டிற்று. மணலி எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தில் இறங்கி, வலையிலும் படகிலும் அப்பியது தரையிலிருப்பவர்களின் லட்சணம்.

என் சண்டையெல்லாம் மேலே மனிதனைக் குடிவைப்பதோடுதான். பணக்கார தேசங்களோடு ஆள் அனுப்பும் போட்டிக்குப் போகும் மயக்கம் நமக்கில்லை என்று சாராபாய் தெளிவாகச் சொன்னார். அவர் கேட்டது டெலிவிஷன், வானிலை. 2018இல் ககன்யானுக்கு 9,023 கோடி ஒதுக்கினார்கள்; 2022க்குள் ஆள் போவான் என்றார்கள். 2024 செப்டம்பரில் தொகை 20,193 கோடி ஆயிற்று. பாரதீய விண்வெளி நிலையத்தின் முதல் பகுதியும் இதில் சேர்த்தி. முழு நிலையம் 2035இல்.

நான் பாங்க் குமாஸ்தா. வலை வாங்க ஐம்பதாயிரம் கேட்டு வருகிறவர் ‘கடனின் நோக்கம்’ என்ற கட்டத்தை நிரப்பாவிட்டால் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். இந்த விண்ணப்பத்தில் அங்கே என்ன எழுதியிருக்கிறது? எடையற்ற நிலையில் ஆராய்ச்சி. 1984இல் சல்யூட்-7இல் ராகேஷ் சர்மாவும் ஆராய்ச்சி செய்தார். இந்தியாவைப் படம் பிடித்தார். நமக்கு ஞாபகமிருப்பதோ பிரதமரோடு அவர் பேசிய பேச்சு மட்டும். அதுதான் நோக்கம்: நமக்குப் பதிலாக ஓர் உடம்பு மேலே இருக்க வேண்டும். அதையே கட்டத்தில் எழுதிப் பணம் கேட்கட்டும். மறுப்பதா கொடுப்பதா என்று அப்புறம் பேசலாம்.

இதில் எழுத்தாளனுக்கு என்ன வேலை? 2025 ஜூனில் சுபான்ஷு சுக்லா சர்வதேச நிலையத்துக்குப் போன வாரமே நம்மில் இருவர் மனிதப் பிரக்ஞை விரிவதைப் பற்றிக் கவிதை எழுதிவிட்டார்கள். (ஒன்றில் ‘பிரபஞ்சம்’ ஏழு தடவை வருகிறது. எண்ணுவது என் தொழில்.) அரசாங்க அறிக்கையிலிருந்து படிமத்தை இரவல் வாங்கியவர்கள் தொகையையும் படித்திருக்கலாம். 2000 நவம்பரிலிருந்து ஆள் இல்லாத நாளே இல்லாத அந்த நிலையத்தைக் கடலில் இறக்கித் தள்ளும் வாகனத்துக்கு மட்டும் நாஸா 2024இல் 84 கோடி டாலர் வரை ஒப்பந்தம் போட்டிருக்கிறது.

நம் நிலையத்தை இறக்குகிற செலவு எந்தக் கணக்கில் வரும் என்று கேட்டு, இருவரில் ஒருவருக்குக் கார்டு போட்டேன். பதில் வரவில்லை. இன்னொரு கவிதை வந்தது.