காட்பாடி எழுத்து

சிங்கப்பூரில் முதல் நாள் காலையிலேயே பெரியப்பாவைத் தொலைத்துவிட்டோம். பாகாலாவிலிருந்து கிளம்பிய உறவினர் கூட்டம் பதினோரு பேர். லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தில் தலையை எண்ணினால் பத்து. பதறிக்கொண்டு திரும்பி ஓடினால், மனிதர் பெயர்ப்பலகை முன்னால் நின்றுகொண்டிருக்கிறார்.

"ஏம்மா, இது காட்பாடி எழுத்துதானே? என்ன எழுதியிருக்கான்?"

எழுபது வயதைத் தாண்டியவர். காட்பாடி-திருப்பதி தடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர். வீட்டில் பேசுவது தமிழ்; படித்ததெல்லாம் தெலுங்கு. தமிழ் எழுத்தை அவர் அறிந்தது ஸ்டேஷன் பலகைகளில் மட்டும்தான். "லிட்டில் இந்தியா" என்று படித்துச் சொன்னேன். "அட, இங்கிலீஷைத்தான் தமிழ்ல எழுதி வச்சிருக்கானா?" என்றார். தமிழ் எம்.ஏ.வான என்னிடம் பதில் இல்லை.

எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. 1911இல் தனி மாவட்டமாகும்வரை சித்தூர், வடஆற்காட்டின் தலைநகர். 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் அதனுடன் போயிற்று. 1960இல் படாஸ்கர் தீர்ப்பின்படி திருத்தணி தமிழகத்துக்குத் திரும்பியது, பாகாலா திரும்பவில்லை. பேச்சு அடுப்பங்கரையில் தங்கியது, எழுத்து போயிற்று. பெரியப்பாவுக்கு இதில் வருத்தம் இருந்ததாக எனக்கு அன்றுவரை தெரியாது.

தேக்கா சந்தையில் அவருக்குக் கால் நிலைகொள்ளவில்லை. முருங்கைக்காய் விலையைத் தமிழில் கேட்டார். தமிழில் பதில் வந்தது. டாலரை ரூபாயாக மாற்றிக் கணக்குப் போட்டதும் காயைக் கீழே வைத்துவிட்டார். மலாய்க்காரர்கள் கடையை 'கடாய்' என்றும் கப்பலை 'காப்பால்' என்றும் சொல்வதைக் கூறினேன். "நம்ம ஆளுங்க சொல்லை விட்டுட்டு வந்திருக்காங்க" என்று சந்தோஷப்பட்டார். திருப்பதிக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் கடல் தாண்டி வந்தும் அடுத்துத் தேடிப் போனது சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாளைத்தான். 1855இல் தொடங்கிய கோயில்.

சாயங்காலம் லாவ் பா சாட் உணவங்காடி. 'பழைய சந்தை' என்று பொருள். 2014இல் இந்தப் பெயரைத் தமிழில் காட்டிய பலகை ஒன்றில் 'சாட்' என்பதை ஆங்கிலச் சனிக்கிழமையின் சுருக்கமாக எடுத்துக்கொண்டு 'சனி' என்று போட்டுவிட்டார்கள். இயந்திர மொழிபெயர்ப்பின் கைங்கரியம். தமிழர்கள் சுட்டிக்காட்டிய பிறகே பலகையைத் திருத்தினார்கள். மொழிபெயர்த்துப் பிழைப்பவள் என்பதால் நான் அதிகமாகவே சிரித்தேன்.

பெரியப்பா சிரிக்கவில்லை. "தப்பா எழுதினா கண்டுபிடிக்க இங்க ஆள் இருக்காங்க. நம்ம ஊர்ல என் பேரைத் தப்பா எழுதினா எனக்கே தெரியாதே" என்றார்.

சிங்கப்பூரிலும் எல்லாம் சுகமில்லை. தமிழ் அங்கே நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. பள்ளியில் உண்டு, 1935இல் தொடங்கிய தமிழ் முரசு இன்றும் வருகிறது. ஆனால் 2020 கணக்கெடுப்பின்படி வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 சதவீதம்தான். குழந்தைகள் ஆங்கிலத்துக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே பலகையில் இருப்பது வீட்டில் குறைகிறது. பாகாலாவில் வீட்டில் இருப்பது பலகைக்கு வரவில்லை. இரண்டில் எது முதலில் போகும் என்று பந்தயம் கட்ட எனக்குத் தைரியமில்லை.

இரவு விடுதியில் மற்றவர்கள் மறுநாள் எங்கே போவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா சாப்பாட்டு ரசீது ஒன்றை நீட்டி, பின்பக்கம் ஊர்ப் பெயரை எழுதச் சொன்னார். எழுதினேன். உற்றுப் பார்த்தார்.

"மூணு எழுத்துக்கும் ஒரே கால்தானா?"

"ஆமாம் பெரியப்பா. அதற்குப் பேர் துணைக்கால்."

பேனாவை வாங்கி, அடியில் மூன்று முறை எழுதிப் பார்த்தார். மூன்றாவது முறை பிழையில்லை.